வந்து சேர்ந்த சிரிப்பு

பம்பரத்துக்கு இருப்பே கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னலுக்கு ஓடினாள், திரும்பி வந்தாள். வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

பார்க்கின்சன் நோயால் அம்மாவின் கை நடுங்கியது. முகமோ அசைவதையே மறந்துவிட்டது. போன மாதம் ஆபரேஷன் செய்து, மூளைக்குள் மெல்லிய கம்பிகளும் மார்புத் தோலுக்கடியில் சின்ன பேட்டரியும் வைத்தார்கள். இன்றுதான் டாக்டர் அதில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கப் போகிறார்.

"அம்மா, என் மேல கோபமா?"

"இல்லடி! எத்தனை தடவை கேப்பே?"

முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே! நேற்று அவள் வரைந்த படத்தைப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு" என்றாள் அம்மா. முகம் சுவர் மாதிரி இருந்தது. பம்பரம் படத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டாள்.

அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவும் பம்பரமும் கூடவே போனார்கள். டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டினார். "விரலை மடக்கி நீட்டுங்கம்மா."

நடுக்கம் குறைந்தது. இன்னொரு தட்டு. கை அப்படியே நின்றுவிட்டது!

"நின்னுடுச்சு!" அப்பா துள்ளினார். "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க டாக்டர்."

எல்லாரும் கையையே பார்த்தார்கள். பம்பரம் மட்டும் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்தது. அது சிரிப்பு இல்லை.

"நிறுத்துங்க! அம்மா வாய் கோணுது!"

டாக்டர் சட்டென்று குறைத்தார். உதடு நேரானது.

"ஆமா, இறுக்கிப் பிடிச்சுது" என்றாள் அம்மா. "கை நின்ன சந்தோஷத்துல சொல்லல."

"நல்லவேளை பாத்தே" என்றார் டாக்டர்.

"சிரிப்பையும் பாருங்க டாக்டர்" என்றாள் பம்பரம்.

"சரி. சிரிங்கம்மா."

"சொன்னா வராது. வரவைக்கணும்!"

பம்பரம் கண்ணை மூடி, வாயைப் பிளந்து, அப்பா மாதிரியே குறட்டை விட்டாள். நடுவில் ஒரு விசில் வேறு.

அம்மாவிடமிருந்து 'களுக்' என்று சத்தம் வந்தது. கன்னம் லேசாக அசைந்தது.

"எல்லாருக்கும் முகம் இவ்வளவுகூட அசையாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டிப் பாக்கணும்" என்றார் டாக்டர்.

"நான் நிஜமா அப்படியா குறட்டை விடறேன்?" அப்பா முறைத்தார்.

"இதைவிட மோசம்!" என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. கண்ணோரம் கொஞ்சம், கன்னத்தில் கொஞ்சம், கடைசியாக உதட்டில். அது முழுசாக வந்து சேரும்வரை பம்பரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.