கரையான் தின்ற கோப்பு

காலை 10.10. நகராட்சி ஆவண அறையில், குமாஸ்தா இருந்த இடத்திலிருந்தே நீட்டிய சாவியால் வயதான தச்சர் ஒருவர் இரும்பு அலமாரியைத் திறந்தார். சந்து அளவுக் கோப்பு இருக்கவேண்டிய இடம் காலி.

மறுநாள் தச்சரின் அக்கா வீட்டை இடிக்க நகராட்சி ஆட்கள் வருகிறார்கள். வீடு சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். கோப்பிலுள்ள பழைய அளவுப் படத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தகவல் அறியும் சட்டப்படி தச்சர் மனுப் போட்டார். கோப்பைக் கரையான் தின்றுவிட்டது என்று பதில் வந்தது. நாற்பது வருடம் மரத்தோடு கிடந்தவரிடமா கரையான் கதை? மேல்முறையீடு செய்து, நேரில் பார்க்க உத்தரவு வாங்கி வந்துவிட்டார்.

மேல் தட்டுக் காகிதக் கட்டும் கீழ்த் தட்டுக் கட்டும் முழுசாக இருந்தன. நடுத் தட்டில் கோப்பு அளவுக்குத் தூசி படியாமல் பளிச்சென்று இருந்தது.

"நடுவுல உள்ளத மட்டும் தின்னுச்சா?"

ஆவணக் குமாஸ்தா உட்கார்ந்தபடியே சிரித்தார். "அதுக்குப் பிடிச்சதத் தின்னிருக்கும், பெரியவரே."

ஆபீசில் சிரித்துப் பேசினால் காரியம் ஆகாது என்று பொருள். குமாஸ்தாவின் முட்டி மேசையடியில் இடித்துக்கொண்டே இருந்தது.

10.30. தச்சர் விசாரித்தார். சாவி குமாஸ்தாவிடம் மட்டும். வெளியே போகும் காகிதத்தைக் காவலாளி பதிவேட்டில் எழுதுவார். இன்று ஒரு வரியும் எழுதவில்லை.

10.50. மேலதிகாரி உள்ளே வந்தார். பெருக்குகிறவர் துடைப்பத்தோடு நிமிர்ந்தார். தட்டச்சர் வாயில் மென்றதோடு எழுந்தார். குமாஸ்தா உட்கார்ந்தே வணக்கம் சொன்னார். இடுப்புப் பிடிப்பாம்.

"ஐயா, கோப்பு இவருக்கு அடியில இருக்கு. எழுந்திருக்கச் சொல்லுங்க."

எழுந்தார். நாற்காலியில் கோப்பு இருந்தது, சூடாக.

"எட்டுத் தடவை வந்திருக்கேன். நீங்க வந்தா முதல்ல எழுந்திருக்கறது இவருதான். இன்னைக்கு அசையல. முட்டி வேற மேசையில இடிக்குது. உக்காந்த இடத்துலயே நாலு விரக்கடை உசந்துட்டாரு."

குமாஸ்தா ஒப்புக்கொண்டார். அலமாரியைத் திறக்கச் சோம்பல்பட்டுக் கரையான் என்று எழுதிவிட்டாராம். காலையில் திறந்தால் கோப்பு முழுசாக இருந்ததாம். "எழுதிக் கொடுத்தாச்சே, அத எப்படிங்க மாத்தறது?"

படத்தில் வீடு சந்தைத் தொடவே இல்லை. இடிக்கமாட்டோம் என்றார் அதிகாரி. தச்சர் நகரவில்லை. எழுதி, முத்திரை வைத்து, நகலும் கையில் வாங்கிய பிறகே அக்காவுக்குப் போன் செய்தார்.

"வீடு தப்பிச்சுதுக்கா."

"நீ காகிதத்த நம்பிப் போன. நான் கதவாவது மிஞ்சட்டும்னு நேத்தே நாலையும் கழட்டி வச்சுட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வந்து மாட்டு."