கீழ்த்தட்டில் உள்ளது

கீழ்த்தட்டின் அந்த மூலையில் ஜாடி எதுவும் இல்லை. ஆனாலும் காலையிலிருந்து அது நனைந்துகொண்டே இருந்தது.

நீலமேகம் துடைத்த விரலை முகர்ந்தான். ஜாடிகளில் ஊற்றும் ஃபார்மலின் நெடி இல்லை. பாசியும் உப்பும் கலந்த கடல்வாடை.

"இன்னா சார், வூட்டுக்கு வாங்கின மீனையும் இங்கயே வச்சுக்கினு கீறீங்களா?" என்றார் பியூன் சம்பத். மனைவி வச்சலாவைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அவன் வீட்டில் மீன் வாங்குவதில்லை என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

புதுப்பட்டினத்துக் கடலில் பிடித்த மீன்களும் நண்டுகளும், நூலில் கட்டிய சீட்டுகளோடு, அந்த அருங்காட்சியகக் கூடத்தில் ஜாடி ஜாடியாக நின்றன. அவற்றின் விவரம் மற்ற ஊர் அருங்காட்சியகங்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைத் துளை அட்டையாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். எழுதுகிற வேலை நீலமேகத்தினுடையது. கை பழகட்டும் என்று முதல் அட்டையில் மனைவியின் பெயரை எழுதியிருந்தான். கிடைத்த இடம் புதுப்பட்டினம். வைத்த இடம் கீழ்த்தட்டு. கிழிக்க மனம் வராமல் வைத்திருந்த அது மற்றவற்றோடு சேர்ந்து போய்விட்டது.

போன வாரம் மெட்ராஸிலிருந்து கேட்டிருந்தார்கள். இந்த அட்டைக்குரிய பொருள் கூடத்தில் உள்ளதா? இல்லையென்றால் நீக்கிவிடலாம்.

உடல் கிடைக்காமல் காரியம் செய்யக் கூடாது என்று மாமியார் பூவாயி இன்னமும் தினம் கரைக்குப் போய் நின்றாள். 'இல்லை' என்று எழுத அவனுக்குப் பேனா ஓடவில்லை. நேற்றுத்தான் 'உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. ஓட்டில் விழும் மழைச் சத்தத்துக்கு அடியில் ஜாடிகள் ஒன்றோடொன்று உரசும் மெல்லிய கிணுகிணுப்பு கேட்டது, யாரோ இடம் பண்ணிக்கொள்ள அவற்றைப் பதமாக ஒதுக்குவதுபோல.

"சம்பத்?"

பதில் வராந்தாவிலிருந்து வந்தது. "நான் வெளில கீறேன் சார். கதவை இன்னாத்துக்கு உள்ளாற தாழ் போட்டுக்கினீங்க?"

அவன் தாழ் போடவில்லை.

சொட்டு விழுந்தது. நின்றது. மறுபடியும்.

தீக்குச்சி கிழித்தான்.

கீழ்த்தட்டில் ஒரு பாதம். உப்பில் ஊறி வெளுத்தது. மெட்டியில் நூல். நூலில் சீட்டு. அவன் கையெழுத்து.

பக்கத்தில் ஜாடிகள் இன்னும் ஒதுங்கியிருந்தன. இன்னோர் ஆள் படுக்கும் அளவுக்கு.

குச்சி அணைந்தது. இருட்டில், செருப்பை வாசலில் விட்டுவந்த அவன் கால் கட்டைவிரலை ஈரநூல் ஒன்று நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.