ஜெர்சியின் இடது கை

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஜெர்சி இறந்துபோனாள்.

ஸ்ரீபெரும்புதூரின் ஒரு தனியார் மருத்துவமனைக்கு விடிந்ததும் கணவன் வில்சன் அவளை ஆட்டோவில் கொண்டுவந்திருந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. பேச்சு குழறியது. இடது கையில் விரல்களிலிருந்து தோள்வரை அடுக்கடுக்காகக் கட்டு.

மருத்துவர் வசந்தகுமார் அந்தக் கட்டைப் பிரித்தார். வீங்கிய கை சிவந்து பளபளத்தது. முழங்கைக்கு மேலே, கையின் உட்புறத்தில், அக்குளை ஒட்டிச் சில குத்துக் காயங்கள் இருந்தன. மருத்துவமனையில் யாரும் அந்தக் கையில் ஊசி போடவில்லை. அவள் மூச்சு நின்றதும் அவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

உதவி ஆய்வாளர் பாஞ்சாலி பதினொன்றரைக்கு வந்தார். காயங்களைப் பார்த்தார். பிரித்துவைத்திருந்த கட்டுத்துணியையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அதில் ஓட்டை எதுவும் இல்லை.

வசந்தகுமார் விளக்கினார். ஜெர்சிக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு வருடத்துக்கு முன்பு இடது மார்பையும் அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். முடிச்சுகள் இல்லாததால் நீர் வடிய வழியின்றிக் கை வீங்கிவிட்டது. அப்படிப்பட்ட கையில் சின்னக் கீறல் பட்டாலும் கிருமி ஏறி ரத்தம் முழுக்கப் பரவிவிடும். பிரஷர் பார்க்கும் பட்டையைக்கூட அந்தக் கையில் சுற்ற மாட்டார்கள்.

வருகிற திங்கட்கிழமை சென்னையில் அவளுக்கு அறுவை சிகிச்சை. அடிவயிற்றுச் சதையை எடுத்து மார்பை உருவாக்குவார்கள். அதோடு சேர்த்துத் தொடையிடுக்கிலிருந்து நிணநீர் முடிச்சுகளை எடுத்து அக்குளில் வைத்து, ரத்தக்குழாய்களை இணைப்பார்கள். மார்புக்கும் கைக்கும் ஒரே நாளில் வைத்தியம். இதற்குமுன் இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் அதே கையில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்து, தள்ளிப்போனது.

"இது மூணாவது தடவையா?" என்றார் பாஞ்சாலி.

"மூணாவது."

வில்சன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். மண்ணூரில் அவர்கள் தெரு முழுக்க ஒரே பேச்சு: ஆபரேஷன் வேண்டாம் என்று போன வாரம்கூட அவன் ஜெர்சியிடம் சண்டை போட்டிருக்கிறான். அவன் அதை மறுக்கவில்லை.

"பொழைச்சி வந்ததே போதும், இன்னாத்துக்கு மறுபடியும் கத்தி வெக்கணும்னு கேட்டேன் மேடம். எனக்கு நீ இப்படியே போதும்னு சொன்னேன். அவளுக்கு அது புரியல."

"கட்டு யாரு போடுவாங்க?"

"அவங்க அக்கா. சனிக்கிழமையில படப்பைல சில்வியா மேடம். எனக்கும் கட்டத் தெரியும்."

பாஞ்சாலி அந்தத் துணிச்சுருளை அவன் கையில் கொடுத்து, உடன் வந்திருந்த காவலரின் கையில் சுற்றச் சொன்னார். வில்சன் தோளிலிருந்து ஆரம்பித்தான். முழங்கைக்கு வருவதற்குள் துணி தளர்ந்து விழுந்தது. மறுபடி சுற்றினான். மறுபடி விழுந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு தடவ கட்டறதப் பார்த்தேன், அவ்ளோதான். அந்தக் கைய என்னால பார்க்க முடியாது மேடம். தொட்டாலே வலிக்கும்னு கத்துவா. அதனால தொடறதையே வுட்டுட்டேன்."

மதியம் இரண்டு மணிக்கு பாஞ்சாலி ஒரகடத்தில், ஜெர்சி வேலை பார்த்த கார் விளக்குத் தொழிற்சாலையில் இருந்தார். கை வீங்கியதிலிருந்து ஜெர்சியை லைனிலிருந்து எடுத்து, உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். சீருடையின் இடது கையைப் பிரித்து அகலமாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வருவாள். மார்புப் பக்கம் வைத்த துணி நழுவினால் பாதி வேலையில் எழுந்து கழிவறைக்கு ஓடுவாள். ஆபரேஷன் முடிந்ததும் லைனுக்குத் திரும்பிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சொன்னவள் அவள் தோழி ரஞ்சனி. சொல்லிவிட்டு அழுதாள்.

"செவ்வாய்க்கிழமையே காய்ச்சல் மேடம். யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினா. தெரிஞ்சா இந்தத் தேதியும் போயிடும்னா. ஃபர்ஸ்ட் எய்டுல மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டுகினே வேலை பார்த்தா."

அப்படியானால் குத்தியது செவ்வாய்க்கு முன்பு.

படப்பையில் பிசியோதெரபி செய்யும் சில்வியா, கட்டு எப்படிப் போட வேண்டும் என்று காட்டினார். நீரை மேலே தள்ள வேண்டும், அதனால் விரல்களிலிருந்து தொடங்கித்தான் மேலே சுற்ற வேண்டும். முதல் காய்ச்சலின்போதே, முனையில் பின்னூசி குத்தாதீர்கள், டேப் ஒட்டுங்கள் என்று வீட்டில் சொல்லியனுப்பினாராம். போன வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் பெங்களூரில் ஒரு பயிற்சியில் இருந்தார். நேற்று, வியாழக்கிழமை இரவுதான் திரும்பினார்; இடையில் ஜெர்சியோடு போனில்கூடப் பேசவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மண்ணூர். வீட்டில் ஜெர்சியின் அக்கா அன்னபுஷ்பம் தனியாக இருந்தாள். ஜெர்சிக்கு நடக்கத் தெரியாத வயதிலேயே தாய் இறந்துவிட, அவளைத் தூக்கி வளர்த்தவள். மாதா படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட இன்னொரு படம் இருந்தது. தன் கணவர் மைக்கேல்ராஜ் என்றாள். குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன் என்று கூட்டிப்போனார்களாம். நடந்து போனவர் பெட்டியில் வந்தார்.

தங்கையைப் பற்றிக் கேட்டபோது அவள் தடையில்லாமல் பேசினாள். குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து கொடுப்பது, கட்டு மாற்றுவது எல்லாம் அவள்தான்.

"சுடு தண்ணிய நான்தான் மொதல்ல தொட்டுப் பார்ப்பேன். கைக்கு உள்பக்கம் மேல அவளுக்கு மதமதன்னு கீது. எறும்பு கடிச்சாக்கூடத் தெரியாது."

பாஞ்சாலி வெளியே வந்து வசந்தகுமாருக்குப் போன் செய்தார். அக்குளில் முடிச்சுகளை எடுக்கும்போது ஒரு நரம்பு அறுபடுவதுண்டு, அதனால் மேற்கையின் உட்புறம் மட்டும் உணர்ச்சி இல்லாமல் போய்விடும் என்றார் அவர். மற்ற இடமெல்லாம் வலிக்கும். குத்துகள் இருந்தது சரியாக அந்த மரத்த இடத்தில்தான்.

மறுநாள் காலை பாஞ்சாலி அந்த வீட்டுக்கு மீண்டும் வந்தார். வில்சனையும் அன்னபுஷ்பத்தையும் எதிரே உட்காரவைத்தார்.

"கட்டுத்துணில ஓட்டை இல்ல. அதனால குத்தும்போது கட்டு பிரிஞ்சிருந்திருக்கு. குத்தினவங்களே அதைத் திரும்பச் சரியா சுத்தியிருக்காங்க. வில்சனுக்குச் சுத்தத் தெரியாது. சில்வியா ஊர்ல இல்ல. இதெல்லாம் நேத்தே தெரிஞ்சிடுச்சு. ஏன்னுதான் தெரியல. கெடுதல் நினைக்கிறவங்க வலிக்காத எடமா பார்த்துக் குத்த மாட்டாங்க. அந்தக் கையில வலிக்காத எடம் ஒண்ணே ஒண்ணு. அது அவ புருஷனுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

வில்சன் நிமிர்ந்து பார்த்தான். அன்னபுஷ்பம் அவனைப் பார்க்கவில்லை.

தரையைப் பார்த்தபடி பேசினாள். முதல் முறை தெரியாமல் பின்னூசி கீறிவிட்டது. காய்ச்சல் வந்தது, தேதியைத் தள்ளிவைத்தார்கள். நாலு நாளில் தங்கை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இரண்டாம் முறை தெரிந்தே குத்தினாள். அப்போதும் காய்ச்சல் வந்து, போய்விட்டது.

"மயக்க மருந்து குடுத்து பத்து மணி நேரம் படுக்கப் போடுவாங்கன்னு சொன்னாங்க மேடம். என் வூட்டுக்காரரு அரை மணி நேர ஆபரேசனுக்கே திரும்பி வரல. வேணாம்னு சொன்னா இவ கேக்கல. தள்ளிப் போட்டுக்கினே இருந்தா ஒருநாள் ஆசை வுட்டுப் போயிடும்னு நெனச்சேன்."

"இந்தத் தடவை எப்ப?"

"திங்கக்கிழமை சாயந்திரம். ஆனா காய்ச்சலே வரல. ராவெல்லாம் நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், வேர்த்துச் சில்லுன்னு இருந்தா. ஆபரேசன் வரைக்கும் கட்டைப் பிரிக்க வேணாம்னு சில்வியா சொன்னதாச் சொன்னா. நானும் பிரிக்கல."

சில்வியா அப்படி எதுவும் சொல்லவில்லை. பாஞ்சாலி அதைச் சொன்னார். மாத்திரைகளைப் பற்றியும் சொன்னார். சிவந்த கையை அக்கா பார்த்துவிட்டால் தேதி போய்விடும் என்று ஜெர்சி பயந்திருக்கிறாள்.

அன்னபுஷ்பம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வில்சன் எழுந்து வாசலுக்குப் போனான். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்தான். அடக்கம் முடியும்வரை அன்னபுஷ்பத்தை அழைத்துப்போக வேண்டாம் என்று கேட்டான். பாஞ்சாலி தலையசைத்தார்.

மாலை நாலரைக்குக் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் சேர்ந்தது. ஷிப்டு முடிந்தவர்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அன்னபுஷ்பத்தின் கையைப் பிடித்து, பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று அழுதார்கள். பின்னால் சாதாரணச் சேலையில் நின்ற பெண் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. தாய் ஸ்தானத்தில் இருக்கிறவர் முதலில் மண் போடட்டும் என்று யாரோ சொன்னார்கள். அன்னபுஷ்பம் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

வில்சன் அவள் அருகில் வந்தான். குனிந்து அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான்.

"வாங்க. அவ உங்களத்தான் மொதல்ல கூப்பிட்டிருப்பா."

அவளைக் குழியருகே நடத்திக் கூட்டிப்போனான். அவள் ஒரு பிடி மண்ணை எடுத்தாள். விரல்களைத் திறக்க அவளால் முடியவில்லை. அவன் காத்திருந்தான். பிறகு அவனே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.