அசைக்கக் கூடாது

எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது குண்டுகள் படுத்திருந்தன.

மஞ்சு மறுபடியும் எண்ணினாள். ஒன்பதுதான்.

ஜனவரிப் பனிமூட்டம் மதியம் மூன்றரைக்கே தலைநகர் ஓரத்து முண்ட்கா குடோனுக்குள் புகுந்து, தகரக் கூரையில் தொங்கிய ஒற்றை பல்பைச் சுற்றிச் சாம்பலாய் நின்றது. போர்க்காலத்தில் மூழ்கிய கப்பலோடு எண்பது வருடம் கடலடியில் கிடந்த பீரங்கிக் குண்டுகள் அவை. ஈரத் துருவும் உப்பும் அழுகிய சிப்பியும் கலந்த வாடை பலகை ரேக்கிலிருந்து மெல்லக் கசிந்து அவள் தொண்டையில் ஒட்டியது. அந்த வாடைக்கு நடுவே இன்னொன்று. புதுப் பெயின்ட்.

கடற்படைக் கிடங்கில் இருபத்தாறு வருடம் குண்டுகளின் ஃபியூஸைப் பார்த்தே காலம் தள்ளியவள் அவள். குண்டின் மூக்கில் இருக்கும் அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான் உள்ளே தூங்குவதை எழுப்பும். பன்னிரண்டு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த கௌஷிக், இப்போது பழைய போர்ப்பொருட்களைக் கண்காட்சிகளுக்குக் கொடுக்கும் கம்பெனி நடத்துகிறான். அவனுக்காகத்தான் அக்டோபரில் விசாகப்பட்டினம் போய் ஒன்பதையும் பார்த்தாள். எட்டு காலிக்கூடு. மூன்றாம் எண்ணில் வெடிமருந்து அப்படியே இருந்தது. ஃபியூஸ் நசுங்கி, மயிரிழை விரிசல். ‘அசைக்கக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்தாள்.

“அதை அங்கேயே அழிச்சாச்சு அக்கா” என்றிருந்தான். மீதி எட்டையும் ஒருமுறை பார்க்கலாமென்றுதான் இன்று சொல்லாமல் வந்தாள்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். பெயின்ட்டுக்கு அடியில் அதே பள்ளம். அதே விரிசல்.

ரேக்கில் தொங்கிய அட்டையில் ஒரு தாள். ஒன்பதும் பாதுகாப்பானவை. கீழே அவள் கையெழுத்து. ‘ம’வின் வால்கூட அவளுடையது போலவே வளைந்திருந்தது. பன்னிரண்டு வருடம் வருகைப் பதிவேட்டில் கௌஷிக் பார்த்துப் பழகிய வால்.

போனை எடுத்தாள்.

“கௌஷிக், மூணாவது எப்படிடா இங்க வந்துது?”

மறுமுனையில் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

“ஒன்பது இல்லேன்னா கான்ட்ராக்ட் கேன்சல்னு கண்காட்சிக்காரங்க சொன்னாங்க அக்கா. அவ்ளோ தூரம் லாரியில வந்துது, ஒண்ணும் ஆகலியே.”

“என் கையெழுத்து?”

“...யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இனிமேதான் சொல்லணும். போலீஸ்கிட்ட.”

“அச்சா. அங்கேயே இருங்க. நான் கேட்லதான் இருக்கேன், வரேன்.”

போனை ரேக்கின் ஓரத்தில் வைத்தாள். பனிக்குள் செருப்புச் சத்தம் நெருங்கியது. வாசலில் நின்றது. உள்ளே வரவில்லை.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

தரை அதிர்ந்தது. ரேக் அதிர்ந்தது. மூன்றாம் எண்ணுக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டை நழுவியது. குண்டு மெதுவாக, தூக்கத்தில் புரளும் குழந்தை மாதிரி, அவள் பக்கம் உருண்டது.

நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினாள். பதினைந்து கிலோ இரும்பு. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பித்தளை மூக்கு கன்னத்தில் பதிந்தது. ஐஸ் மாதிரி.

மேடம் உள்ளே இருக்கிறாரா என்று வெளியே காவல்காரன் இந்தியில் கேட்டான். “சார், அந்தர் மேடம் ஹை க்யா?”

“நஹி. மேடம் தோ சலி கயீ. தும் கேட் கோலோ, ஜல்தி.” அவள் போய்விட்டாளாம்; சீக்கிரம் கேட்டைத் திறக்கச் சொன்னான் கௌஷிக்.

காவல்காரனின் பூட்ஸ் தூரப் போனது. பூட்டு நாக்கு விழுந்தது.

“கௌஷிக்!”

ஷட்டருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது. அவன் கேட்டுவிட்டான். ஒரு முழு நிமிடம் அங்கேயே நின்றான்.

பிறகு நடந்தான்.

கார் கிளம்பியது. தேய்ந்தது. இல்லாமல் போனது.

போன் இரண்டடி தூரத்தில். ஒரு கையை எடுத்தால் குண்டு நழுவும். வியர்வையில் விரல்கள் வழுக்கின. முழங்கை நடுங்க ஆரம்பித்தது. நிறுத்த முடியவில்லை.

அப்போது அவள் காதுக்கு அருகில், பித்தளைக்கு உள்ளே, எண்பது வருடமாக அசையாதது ஏதோ மெல்ல நகர்ந்தது.

டிக்.

மூச்சை நிறுத்தினாள்.

டிக்.