மாட்டுக்கொட்டகை வரை வந்த குழி

உலக யுத்த காலத்தில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பதுங்குகுழி குன்றடியோடு நின்றிருந்தது. போன வருஷத்துப் படத்தில், கோணல்மாணலாக வளைந்து, ரவீந்திராவின் மாட்டுக்கொட்டகை வரை வந்திருந்தது.

தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று ரவீந்திரா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். யுத்தக் குழிகளை வரைபடத்தில் குறிக்கும் வேலைக்கு அவன் சேர்ந்தபோது நில அளவை ஆபீசில் முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்: நிழல் நம் பக்கம் விழவேண்டும், மாறினால் பள்ளம் மேடாகத் தெரியும். நிழல் சரியாகத்தான் விழுந்திருந்தது.

"ஜான்கி, குழி கிட்ட வந்திருக்கு."

"குழிக்குக் கால் முளைச்சிருச்சாக்கும்? சூட்கேஸை மூடுங்க. சனிக்கிழமை ப்ளேன்," என்றாள் மனைவி. மகள் ஷல்வினா சிரித்தாள்.

தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, பொழுது சாய்ந்தால் கரும்புக் கிராமமான சவேனியில் இந்தியர் வீடுகளில் யாரும் விளக்குப் போடுவதில்லை. கரும்புச் சோகை உரசும் சத்தமும், கொட்டகைப் பக்கமிருந்து புதிதாக வெட்டியதுபோல் வந்த ஈரமண் வாசனையும், தூரத்தில் எங்கோ டயர் எரியும் நெடியும் சூழ்ந்திருக்க, அவன் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லாரி ஒன்று வந்தது. வாசலில் நின்றது.

தகரக் கூரையில் கல் விழுந்தது.

குழி ஆளுயர ஆழம். ஒளிய வேறு இடமும் இல்லை.

"பின்பக்கமா ஓடுங்க! குழியில இறங்கிப் படுத்துக்கங்க. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் சத்தமே வரக்கூடாது!"

"நீங்க?"

"போ புள்ள!"

கதவு பிளந்தது. முதல் கட்டையடியில் பற்கள் நாக்கின்மேல் உதிர்ந்தன. பூட்ஸ் கால் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்தது. கரும்புக்குத் தீ வைத்துவிட்டு லாரி போய்விட்டது.

தவழ்ந்து கொட்டகையைக் கடந்தான்.

குழி இல்லை.

அந்த இடத்தில் மேடு. அதே கோணல்மாணல். ஈரமாக. சூடாக.

கண்தான் ஏமாற்றுகிறது. நிழல்தான். நெற்றி தரையில் பட, தலையைக் கவிழ்த்துக் கால்களுக்கிடையே பார்த்தான்.

மேடு மேடாகவே இருந்தது. மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

"ஜான்கி! ஷல்வினா! நான்தான். வாங்க!"

சத்தமே வரவில்லை. சொன்னபடி.

மேட்டின் முனையில் மண் விலகியது. வளையல் கை ஒன்று வெளியே வந்தது. பாய்ந்து பிடித்தான். அதுவும் அவனை இறுகப் பிடித்தது. மூச்சைப் பிடித்து இழுத்தான்.

முழங்கை வரைதான் வந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

விரல்கள் இன்னும் விடவில்லை. அவன் முழங்காலுக்கடியில் மண் கோணல்மாணலாகப் பிளந்து, வீட்டைப் பார்த்து நீண்டுகொண்டிருந்தது.