ஆயிரத்துத் தொண்ணூற்றொன்றாவது திறவுரை

அஞ்சல்பெட்டியின் ஆமைப்பூட்டு அன்று தலையை நீட்டும் நேரம் காலை ஒன்பது பன்னிரண்டு. சந்தனமாரி எட்டரைக்கே தூத்துக்குடி தொலைவஞ்சல் நிலையத்தின் மூன்றாம் சாளரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடமாக அது அவள் நாற்காலி. பொங்கலுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

முந்தைய நாள் பூட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்த திறவுரை, "என் தங்கமே, நல்லபடியா போயிட்டு வா." திறக்கவில்லை. அதற்கு முந்தைய நாள், "உன் சந்தோசம்தான் என் சந்தோசம்." அதற்கும் அசையவில்லை. தப்பான வாக்கியத்தைக் கேட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும் தலையை அந்தப் பூட்டு ஒரு முழு நாள் கழித்துத்தான் மறுபடி நீட்டும். அடித்து உடைக்க வழியில்லை. சொன்னவர் வாய்ச்சொல்லிலிருந்தே சாவி பிறப்பதால், பூட்டிக் கொடுத்த அஞ்சலகத்துக்கே திறக்கத் தெரியாது.

உள்ளே இருந்தவை மகள் கோமதியின் கடிதங்கள். பதினொரு வருடத்துக்கு முன் நெடுங்கலம் என்னும் விண்கலத்தில் ஏறி வேறொரு சூரியனைப் பார்க்கப் புறப்பட்டவள் அவள். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால், ஒளியின் வேகத்தில் ஓடி வந்தும் அது தூத்துக்குடி வந்து சேர ஏழு மாதம் ஆகும். சந்தனமாரி முப்பது வருடம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவள், உயரத்துக்குப் பயந்தவள் அல்ல. இந்தத் தூரத்துக்குப் பயந்தாள்.

முதல் எட்டு வருடம் தொல்லையே இல்லை. அவளுடைய கைப்பலகையில் அஞ்சல்பெட்டி எப்போதும் திறந்தே கிடந்தது. கடிதம் வந்தது, போனது. ஒருநாள் மீன் வாங்கப் போன இடத்தில் பலகை கடலில் விழுந்தது. புதுப் பலகை திறவுரையைக் கேட்டது. கலம் புறப்பட்ட அன்று வழியனுப்பும் கூடத்தில், ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்க, அவள் வாயால் சொன்ன வாக்கியம் அது. என்ன சொன்னாள் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஆனால் மகளை வாழ்த்தி அனுப்பியதாக மட்டும் நன்றாக நினைவிருந்தது. தெருவில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

பெட்டியின்மேல் எண் மட்டும் தெரியும். படிக்காதவை: நூற்று நாற்பத்திரண்டு. புதுப்பெட்டி வைத்துக்கொள்ளவும் முடியாது. பழைய பெட்டியின் முத்திரை இல்லாத கடிதத்தைப் போலி என்று கலம் திருப்பிவிடும். இன்னும் ஒன்பது நாளுக்குள் இங்கிருந்து கிளம்பும் கடிதம்தான் கோமதி நெடுந்துயிலுக்குப் போவதற்குள் சேரும். அந்தத் தூக்கம் நாற்பத்திரண்டு வருடம். சந்தனமாரிக்கு இப்போது அறுபத்தாறு. கணக்குப் போட யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

சாளரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அஞ்சல் அதிகாரி பல்கீஸ் காயல்பட்டினத்துக்காரி. ஆயிரத்துத் தொண்ணூறு தோல்விகளையும் கூட இருந்து பார்த்தவள். திறவுரைகளைத் தந்தது அவள் மேசையில் இருந்த ஊகி. ஒருவர் எழுதியது, பேசியது, திட்டியது எல்லாவற்றையும் படித்து, அந்த நாளில் அந்த மனம் எதைச் சொல்லியிருக்கும் என்று வரிசைப்படுத்தும் இயந்திரம். ஆரம்பத்தில் அதன் வாக்கியங்களைக் கேட்டு சந்தனமாரிக்கு மயிர்க்கூச்செறிந்ததுண்டு. தான் நினைத்து, சொல்லாமல் விட்டவற்றைக்கூட அது சொன்னது.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது," என்றாள் பல்கீஸ். "மொத வாரத்துல நீங்க அடிச்சு நீக்குனதெல்லாம் அப்படியே இருக்கு. அதையும் ஒருக்கா பாத்துருவமா?"

சந்தனமாரிக்கு முகம் சுண்டியது. அவை நாற்பத்தொன்று. நான் பெற்ற பிள்ளையிடம் இப்படியெல்லாம் பேசுகிறவளா என்று சத்தம் போட்டு, ஒவ்வொன்றையும் அவளே நீக்கச் சொன்னாள். அதற்குப் பின் ஊகி நல்ல பிள்ளையாகி, நாளுக்கு நாள் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் இன்றைக்கும் வாய் வந்தது. ஒன்பது நாள் என்பது நினைவுக்கு வர, தலையை ஆட்டினாள்.

பட்டியல் திரையில் வந்தது. முதலிரண்டைப் படித்துவிட்டு நகர்ந்தாள். மூன்றாவதில் கண் நின்றுவிட்டது.

அன்றைய வழியனுப்பும் கூடத்தின் வெளிச்சம் கண்முன் திரும்பி வந்தது. கோமதி தோள்பையின் வாரைச் சரிசெய்தபடி நிற்கிறாள். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்திருக்கிறாள். அம்மாவின் கையில் ஆறிப்போன டீ. பத்து நிமிடம் முன்புவரை கெஞ்சிப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் மிச்சமில்லாமல் அம்மா மகளைப் பார்த்துக் கத்திய வாக்கியம் அது. உடனே அதிகாரி திறவுரை கேட்டதும், கோபம் அடங்காமல் அதையே அவரிடமும் சொன்னாள். வாழ்த்தவே இல்லை. பதினொரு வருடமாக ஊருக்கும் தனக்கும் சேர்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது பன்னிரண்டு. சந்தனமாரி ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தாள். பாரந்தூக்கியின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரல் அன்று எழும்பவே இல்லை.

"ஏட்டி, போறதுன்னா போ. நான் செத்தாக்கூட உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன்."

பெட்டி திறந்தது.

அவளை அவளைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்த அந்த இயந்திரத்தைப் பார்க்கவே சந்தனமாரிக்குப் பயமாக இருந்தது. முதல் வாரத்திலேயே அது சரியாகச் சொல்லிவிட்டது. அவள்தான் நம்பவில்லை.

கடைசிக் கடிதத்தை முதலில் திறந்தாள். ஏழு மாதத்துக்கு முன் கோமதி எழுதியது.

"அம்மா, ரெண்டு வருசமா உன் கடிதம் மாசம் தவறாம வருது. எல்லாத்துலயும் என்னைத் தங்கம்னு கூப்பிடுற. ஒருதடவைகூடத் திட்டல. நீ என்னைத் தங்கம்னு கூப்பிட்டதே கெடையாது. இங்க எல்லாருக்கும் சந்தேகம் இருக்கு, யாரும் வாய்விட்டுக் கேக்கறதில்ல. நீ செத்துட்டியாம்மா? செத்துட்டேன்னா பரவாயில்ல, நான் தூங்குறதுக்கு முன்னாடி யாராவது உண்மையச் சொல்லுங்க."

சந்தனமாரி நிமிர்ந்து பல்கீஸைப் பார்த்தாள். மூன்று வருடமாக அவள் ஒரு கடிதமும் எழுதவில்லையே.

பல்கீஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கலத்திலும் ஓர் ஊகி இருக்கிறது. வீட்டுக் கடிதம் நின்றுபோனால் பயணிகளின் மனம் உடையும் என்று, அது வீட்டார் எழுதுவதைப்போலவே எழுதிக் கொடுக்கும். ஒப்பந்தத்தில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. கலத்தின் ஊகிக்குள் இருக்கும் அம்மாவும் இங்கே ஊகிக்குள் இருக்கும் அம்மாவும் ஒரே வார்ப்பு. இங்கே செய்யும் திருத்தங்கள் எல்லாம் மாதாமாதம் அங்கே போகும். நாற்பத்தொரு வாக்கியம் இங்கே நீக்கப்பட்டபோது, அங்கேயும் அந்த அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

சந்தனமாரி எழுதும் பலகையை இழுத்துக்கொண்டாள். 'என் கண்ணே' என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இதை ஊகியே எழுதியிருக்கும். நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதி, அதையும் அழித்தாள். அதையும் அது எழுதும். மனதில் இருந்த பாசமான வார்த்தை ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் அத்தனையையும் அவளே ஆயிரத்துத் தொண்ணூறு காலையில் இயந்திரத்தின் முன்னால் சொல்லித் தீர்த்திருந்தாள். கலத்தின் ஊகியால் எழுத முடியாதது அவளே அடித்துப் போட்ட நாற்பத்தொன்று மட்டும்தான். அவற்றிலும் கோமதி காதால் கேட்டது ஒன்றே ஒன்று.

அதை எழுதினாள். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

"கீழ 'அன்புடன் அம்மா'ன்னாவது போடட்டுமாக்கா?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"போடாத. போட்டா நான் இல்லன்னு நினைச்சுக்குவா."

கூரைமேல் இருந்த பெரிய அலைத்தட்டு மெல்லத் திரும்பி, வெயில் கொளுத்திய வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைப் பார்த்து நின்றது. கடிதம் கிளம்பியது. ஒன்றேகால் நொடியில் நிலாவின் தூரத்தைத் தாண்டியது. சந்தனமாரி தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பல லட்சம் கிலோமீட்டர் போயிருந்தது. இனி ஏழு மாதம், மனிதர் யாரும் இல்லாத இருட்டு வழியே, ஒரு தாய் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்தியைச் சுமந்து அந்த வசவு போய்க்கொண்டே இருக்கும்.