இருமப் பயந்த வாண்டு

வாண்டுக்குப் பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓர் ஓட்டை. ஆபரேஷன் செய்து அதை அடைத்துவிட்டார்கள். இதயம் இப்போது ஜோராகத் துடித்தது. நுரையீரல்தான் மக்கர் செய்தது.

"சளி அடைச்சு, இடது நுரையீரல் கீழ்ப்பக்கம் சுருங்கிக் கிடக்கு" என்றார் மூச்சுப் பயிற்சி தருபவர். "நல்லா இருமினாத்தான் விரியும். இல்லேன்னா மறுபடி மூச்சுக் கருவி வைக்கவேண்டி வரலாம்."

வாண்டு உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

"என் செல்லம்ல, ஒரே ஒரு தடவை!" என்று அம்மா கெஞ்சினாள். அப்பா தானே இருமிக் காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர், "உங்களுக்கும் சளியா சார்?" என்று கேட்டதுதான் மிச்சம்.

வாண்டின் அக்கா ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். இன்றோ அவள் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நெஞ்சில் போட்டிருந்த கட்டின் மேலிருந்து நகரவே இல்லை.

பெரியவர்கள் நகர்ந்ததும் குனிந்தாள். "டேய், எதுக்குடா பயம்? என்கிட்ட மட்டும் சொல்லு."

"இருமினா தையல் பிரிஞ்சிடும். இதயம் வெளிய விழுந்துடும்."

அதெல்லாம் விழாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவளுக்கே நிச்சயமாகத் தெரியாதே! நேராக ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"உன் நெஞ்செலும்பை எஃகுக் கம்பியால கட்டியிருக்கேன். நானே முறுக்கினது. இருமினா வலிக்கும். ஆனா பிரியாது."

வாண்டின் கண்கள் விரிந்தன. "கம்பியா! அப்போ நான் பாதி ரோபோவா?"

"கால்வாசி."

அவர் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்தார். "இதை இறுக்கிக் கட்டிக்கிட்டு இருமு. வலி குறையும்."

வாண்டு ஒரு கையால் அதைக் கட்டிக்கொண்டு, மறுகையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். மூச்சை இழுத்தான். இருமினான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"போதும்டா" என்றாள் அக்கா, தாங்க முடியாமல்.

அவன் தலையாட்டி மறுத்தான். மறுபடி இருமினான். மறுபடியும். கடைசியில் கெட்டியாகச் சளி வந்து விழுந்தது.

அடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் நன்றாக விரிந்திருந்தது. வாண்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது.

"பயம் போயிடுச்சு போல" என்றாள் அம்மா.

"எங்க போச்சு? என் கையை எப்படி நசுக்கினான் தெரியுமா!" விரல்களை நீவியபடி தம்பியைப் பெருமையாகப் பார்த்தாள் அக்கா. "பயந்துக்கிட்டேதாம்மா அத்தனை தடவையும் இருமினான்."